வேலைக்கு வராத நாளில் போடும் மாத்திரை

தொழிற்சாலை மருத்துவ அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். தம்பிகள் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம், நமக்கு ஆட்சேபம் இல்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் மூன்று கம்பெனிகளில் சிஸ்டராக இருந்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றவள் நான். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, முதலுதவிப் பெட்டியை நிரப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். நான் சொல்ல வருவது வேறு விஷயம். என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம், ஒரு பெண்ணைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தப் பெண் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு அடங்கவில்லை.

அவர் பெயர் மாதேஸ்வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேண்டாம். சூளகிரிக்கு உள்ளே ஒரு கிராமம். கணவர் தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிறவர். வயது முப்பத்தைந்து இருக்கும். லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம், வீட்டில் மாமியாரோடு தெலுங்கு என்று மூன்றிலும் சரளமாகப் பேசுவார். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. ஒயர் நுனியில் இருக்கிற சின்னப் பித்தளை முனையைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அத்தனை மெஷின் இரைச்சலிலும் அந்தச் சத்தம் மாதேஸ்வரிக்குக் கேட்டுவிடும், கேட்காவிட்டால் விரலுக்குத் தெரிந்துவிடும். அவர் கையிலிருந்து போன ஒயர் திரும்பி வந்ததில்லை என்று லைனில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர் காலை ஷிஃப்ட் வரும் வாரங்களில் ஏழு மணிக்கே என் அறை வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். விரல் மடங்கவில்லை என்பார். நான் வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்து, களிம்பைத் தடவி அனுப்பிவைப்பேன். அந்த லைனில் பாதிப் பேருக்குக் கட்டைவிரல் வலி உண்டு. இதுவும் அந்த வகைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சூப்பர்வைசர் வேறு வந்து புகார் சொன்னார். காலையில் முகத்தைச் சுளிக்கிறாராம், பத்து மணிக்கு மேல் எல்லோரையும்விட வேகமாக வேலை செய்கிறாராம், இதெல்லாம் நடிப்பு என்பது அவர் கட்சி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதைப் பாதி நம்பினேன்.

ஒரு நாள் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன், பத்து மணிக்கு மேல் அந்த வலி எங்கே ஊருக்குப் போய்விடுகிறது என்று. அவர் கோபப்படவில்லை.

"அதுதாங்க சிஸ்டர் எனக்கும் வெளங்கல. வேல செய்யச் செய்ய கை தொறந்துக்குது. லீவு போட்டுப் படுத்திருந்தா கட்டையாட்டம் ஆயிடுது."

எனக்குச் சுருக்கென்றது. வேலையால் வருகிற வலி வேலை செய்யச் செய்ய ஏறும், படுத்தால் இறங்கும். இது தலைகீழாக இருந்தது. அப்போதுதான் முதல் முறையாக அவர் கைகளை மேஜைமேல் வைக்கச் சொல்லிச் சரியாகப் பார்த்தேன். இரண்டு கையிலும் ஒரே கணுக்கள், ஒரே மாதிரி வீங்கியிருந்தன. தொட்டால் சூடு. காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் பாதமும் கல்லை மிதித்த மாதிரி வலிக்கிறது என்றார். அப்படியானால் ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு எப்படி வருகிறீர்கள் என்று கேட்டேன். கம்பெனி பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து, சுடுதண்ணீரில் முழங்கை வரை முக்கி வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் திறப்பாராம். ஏழெட்டு மாதமாக இப்படி. வீட்டில் யாருக்கும் தெரியாது. அவ்வளவையும் செய்துவிட்டு வந்தவரைத்தான் நாங்கள் நடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கம்பெனி டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், பிறகு ஓசூரிலேயே இருந்த மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பினார். முடக்குவாதம் என்று உறுதியானது. கூடப் போயிருந்த எனக்கும் சேர்த்து அந்த நிபுணர் விளக்கினார். இது எலும்பு தேய்வது அல்ல, வயதானதால் வருவதும் அல்ல. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டின் உள் சவ்வையே தாக்குகிறது. வலி மாத்திரை வலியை மட்டும்தான் அமுக்கும். உள்ளே நடக்கிற தாக்குதலை நிறுத்தாவிட்டால் சில வருஷங்களில் விரல்கள் கோணிப்போய்விடும், சீக்கிரம் பிடித்தால் நிறுத்த முடியும் என்றார். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்திருக்கிறேன், பாடத்திலும் படித்திருக்கிறேன். ஆனால் மேஜைமேல் இருந்த அந்த இரண்டு கைகளுக்குள் இவ்வளவு பெரிய யுத்தம் சத்தமே இல்லாமல் நடக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். ஆறு சின்ன மாத்திரைகள், ஒரே வேளையில், வாரத்தில் ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் அந்த மருந்தின் கெடுதலைத் தடுக்க ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை. நடுநடுவே ரத்தப் பரிசோதனை. நிபுணர் மருந்துக் குறிப்பு அட்டையில் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது சரி. குறுக்கே புகுந்து கெடுத்தவள் நான்தான்.

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் ஞாயிறு விடுமுறை கிடையாது. ஷிஃப்ட் சுற்றச் சுற்ற வார விடுமுறையும் சுற்றும். ஒரு மாதம் செவ்வாய் வரும், அடுத்த மாதம் வெள்ளி வரும். மாத்திரை போட்ட அன்றைக்கு மாதேஸ்வரிக்குக் குமட்டல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லைனில் நின்றுகொண்டே வாந்தியை அடக்க வேண்டியிருக்கிறது என்று என்னிடம் வந்தார். நான் பெரிய மேதாவியாக அட்டையை வாங்கி, 'ஞாயிறு' என்பதை அடித்துவிட்டுச் சொன்னேன்:

"வேலைக்கு வராத அன்னைக்கு இந்த ஆறு மாத்திரையைப் போடுங்க. வேலைக்கு வர்ற அன்னைக்கு அந்த வைட்டமின் போடுங்க. அவ்ளோதான், மறக்கவே மறக்காது."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கும் என் புத்திசாலித்தனம் பிடித்துப்போயிற்று. நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூன்றாவது மாதம் மாதேஸ்வரி என் அறைக்குள் வந்து, இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, இறுக மூடித் திறந்து காட்டினார். வீக்கம் வடிந்திருந்தது. நான் எழுந்து நின்று அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு வேளை விழுங்குகிற சின்ன மாத்திரை, கையைக் கையாகத் திருப்பிக் கொடுத்திருந்தது. அன்றைக்குப் பூராவும் சந்தோஷத்தில் மிதந்தேன்.

அதற்குப் பிறகுதான் கார் கம்பெனியில் மாடல் மாற்றுகிறார்கள் என்று எங்களுக்கு வேலை நின்றது. ஒன்பது நாள் லைனை மூடுவதாக நோட்டீஸ் போட்டார்கள். மராமத்து ஆட்கள் சிலர் உள்ளே இருந்ததால் எனக்கு மட்டும் டியூட்டி. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாள் காலையில் மாதேஸ்வரியிடமிருந்து போன் வந்தது. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறியது. வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, உடம்பு காய்கிறது என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஆறு நாளும் போட்டுட்டேங்க சிஸ்டர். இன்னைக்கும் போடணுங்களா?"

நான் சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார். வேலைக்குப் போகாத நாள், அதனால் ஆறு மாத்திரை. அடுத்த நாளும் போகவில்லை, அதனால் மறுபடி ஆறு. வேலைக்குப் போகும் நாளில்தானே வைட்டமின்? அதனால் அதைத் தொடவே இல்லை. ஆறு வாரத்துக்கான மருந்து ஆறு நாளில் உள்ளே போயிருந்தது, தடுக்கிற மருந்து ஒன்றுகூடப் போகவில்லை. அந்த மருந்து அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையை அமுக்கிவிடும். ரத்த அணுக்கள் விழுந்துவிடும். அதன் பிறகு சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும்.

எந்த மாத்திரையும் தொடாதீர்கள், மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வையுங்கள், வண்டி வருகிறது என்று மட்டும் சொன்னேன். நிபுணரின் மருத்துவமனைக்குப் போன் செய்து விவரம் சொல்லிப் படுக்கை ஏற்பாடு செய்தேன். கம்பெனி ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டும்தான் என்பது விதி. மனிதவள அதிகாரி போனை எடுக்கவில்லை. செக்யூரிட்டி அனுமதிச் சீட்டு இல்லாமல் விட மாட்டேன் என்றார், அவர் வேலை அது. நான் கேட் புத்தகத்தில் என் பெயரை எழுதி, பொறுப்பு நான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். மருத்துவ அறையை உதவியாளரிடம் ஒப்படைத்தேன். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு யோசிக்கவே நேரம் இல்லை.

சூளகிரி போகிற வழி முழுக்க என் மனதில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை. அந்த அட்டையில் 'ஞாயிறு' என்பதை அடித்தது என் பேனா என்று யாருக்குத் தெரியும்? மாதேஸ்வரியே அடித்ததாக இருக்கக் கூடாதா? ஓய்வுபெற இன்னும் சில வருஷங்கள்தான் இருந்தன. இப்படியெல்லாம் நினைத்தேன். அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது உதடுகள் வெடித்து, ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்தும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை.

மருத்துவமனையில் நிபுணர் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்தார், ஆடிப்போய்விட்டார். பயத்தில் அவருக்குக் கோபம் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் என்று எத்தனை முறை சொன்னேன், எழுதிக் கொடுத்ததைப் படிக்கக்கூடத் தெரியாதா என்று சத்தம் போட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாதேஸ்வரி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தப் புண்ணான வாயைத் திறந்தார்.

"நாந்தாங்க டாக்டர் தப்பா வெளங்கிக்கினேன்."

ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க முடியாதவர், எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொன்னார். அதற்கு மேல் நான் சும்மா இருந்திருந்தால் மனுஷியே இல்லை.

"இல்ல டாக்டர். அவங்க சரியாத்தான் வெளங்கிக்கிட்டாங்க. தப்பாச் சொன்னது நான்" என்றேன்.

அந்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னேன். வைட்டமினும் ஆறு நாளாகப் போடவில்லை என்பது அதில்தான் அவருக்குத் தெரியவந்தது. அவர் என்னை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார், திட்டவில்லை. முதல் வேளை எப்போது, கடைசி வேளை எப்போது, நடுவில் வேறு வலி மாத்திரை ஏதாவது உண்டா என்று வேகமாகக் கேட்டுக்கொண்டே முறிவு மருந்துக்கு எழுத ஆரம்பித்தார். தங்கைகளே, நான் வாயைத் திறந்தது நல்லவள் பட்டம் வாங்குவதற்காக என்று நினைக்காதீர்கள். மாதேஸ்வரியின் பொய்யை அவர் நம்பியிருந்தால் அந்த வைட்டமின் விவரம் வெளியே வந்திருக்காது. நம்முடைய தப்பை மறைத்தால் நோயாளிக்குப் போக வேண்டிய மருந்தும் சேர்ந்து மறைந்துபோகும்.

ரத்த அணுக்கள் நாளுக்கு நாள் விழுந்துகொண்டே வந்தன. தனி அறையில் வைத்தார்கள், கணவர்கூட முகக்கவசத்தோடுதான் உள்ளே போனார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி. நான் டியூட்டி முடிந்து தினமும் போய் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன். ஐந்தாம் நாள் ரிசல்ட்டில் அணுக்கள் கொஞ்சம் ஏறியிருந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். கம்பெனி எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், கொடுத்தது நியாயம்தான்.

புண் ஆறிப் பேச முடிந்ததும், எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அதில் பெரிதாக என்ன இருக்கிறது என்பது போலப் பதில் சொன்னார்.

"நீங்க ஒருத்தருதான் என் கையப் பாத்து நம்புனீங்க. உங்க வேல போயிட்டா, அங்க அடுத்து வலின்னு வர்றவள யாருங்க நம்புவாங்க?"

உயிர் போகிற நேரத்தில் அந்தப் பெண் அடுத்து வரப்போகிற, பேர்கூடத் தெரியாத இன்னொரு பெண்ணைப் பற்றி யோசித்திருக்கிறார். நான் அவரை நம்பியதே எவ்வளவு தாமதம் என்று எனக்குத்தானே தெரியும்.

உயிர் பிழைத்தார். ஆனால் மருந்தை நிறுத்தியதில் நோய் திரும்பி வந்தது, முன்பைவிட மூர்க்கமாக. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, ரத்தம் எல்லாம் சரியாகிவிட்டது, அதே மருந்தைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம் என்றார் நிபுணர். மருந்து கெட்டதல்ல, போட்ட விதம்தான் கெட்டது, இது வேண்டாம் என்றால் வேறு மருந்துகளும் உண்டு, எதையும் போடாமல் விட்டால் மட்டும் கை தங்காது என்று பொறுமையாகச் சொன்னார். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. கை போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று கும்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

மாதேஸ்வரி ஒரு வாரம் யோசித்துவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கே வந்தார். பயமாக இருக்கிறது, ஆனால் கை வேண்டும், அதே மருந்தைப் போடப்போகிறேன் என்றார். கிழமையையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார்.

"வியாழக்கெழம போடறேங்க. எங்க ஊர்ப் பக்கம் அன்னைக்குத்தான் சந்த. கம்பெனி மூடுனாலும் தொறந்தாலும் வாரத்துக்கு ஒரு சந்ததாங்க."

கணவர் தக்காளிக் கூடையோடு சந்தைக்குக் கிளம்பும்போது ஞாபகப்படுத்துவது என்று அவர்களுக்குள் ஏற்பாடு. அவ்வளவு படித்த எனக்குத் தோன்றாதது. நிபுணருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவரும் சரி என்றார். அட்டையில் அவரே 'வியாழன்' என்று எழுதித் தந்தார். அன்றிலிருந்து நான் யாருக்கு மருந்து சொன்னாலும், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். கூடவே, பத்து நாள் லீவு வந்தால் என்ன செய்வீர்கள், ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பேன். டாக்டர் எழுதியதை அடிக்கிற பேனா என்னிடம் அதற்குப் பிறகு இல்லை. நீங்களும் அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மாதேஸ்வரி இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். அழுத்துகிற வேலையிலிருந்து மாற்றி, சோதிக்கிற மேஜையில் போட்டிருக்கிறார்கள். நோய் போய்விடவில்லை, அது போகிற நோயும் அல்ல. சில காலைகளில் விரல் மக்கர் செய்கிறதாம். ரத்தப் பரிசோதனையை மட்டும் தவறவிடுவதே இல்லை.

அந்த முதல் வியாழக்கிழமையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதை, அன்றைக்கு மட்டும் என் எதிரில் போடுகிறேன் என்று கம்பெனிக்கே எடுத்து வந்தார். மூன்று மாத்திரை. ஸ்டூலில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். அந்தக் கட்டைவிரலுக்கு அந்தக் காகிதத்தைக் கிழிக்கிற பலம்கூட இல்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டு அட்டையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா, டாக்டர் வரட்டுமா என்று எதையெதையோ உளறினேன்.

"நீங்களே எண்ணிக் குடுங்க சிஸ்டர்," என்றார். "இனிமே உங்களாட்டம் எண்ணறவங்க யாரும் இருக்க மாட்டாங்க."

வாங்கினேன். முதல் மாத்திரை நழுவி மேஜைமேல் உருண்டது. பிடித்து வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், வைத்ததை மறுபடி எண்ணினேன், அவரையும் எண்ணச் சொன்னேன். மூன்றுதான் இருந்தது.